மனைவியிடம் சொன்னது

நெவென்கா கொசுத்தாவின் காலரில்
பன்னிரண்டு நாள் மைக் குத்தியவன் நான்.
ட்ரியெஸ்தே நகரத்து வழக்கறிஞர்.
முதல் நாளே கேமரா முன் நிறுத்தி
ஆறு மொழியில் வணக்கம் சொல்லச் சொன்னார்கள்.
சொன்னாள்.
சீட்டெடுத்த கிளிக்குத் தட்டுவதுபோல் தட்டினார்கள்.
அவளும் சிரித்தாள். மூச்சு மட்டும்
என் ஹெட்போனில் கொஞ்சம் சூடாக வந்தது.

நிகழ்ச்சி உங்களுக்குத் தெரிந்ததுதான்.
பத்துப் பேர், கோட்டு, சக்கரம் வைத்த பெட்டி,
மிலானில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் முப்பத்தோராம் மாடி.
வாங்கு, விற்று வா,
தோற்றால் பெட்டியை உருட்டிக்கொண்டு போ.

ஏழாவது சுற்றுக்குத் தேன்.
எல்லைக்கு அந்தப் பக்கம், சுண்ணாம்புக்கல் மேட்டில்,
ஒரு தேனீக்காரர், அவர் மனைவி, ஐம்பது பெட்டி.
பெட்டி அறுபது யூரோ என்றார்.
அணித்தலைவன் இவானோ அவள் முழங்கையை இடித்தான்:
"தண்ணி கலந்த மாதிரி இருக்குன்னு சொல்லு."
சொன்னாள்.
'இவர் சொல்லச் சொல்கிறார்' என்று முன்னால் ஒட்டித்தான் சொன்னாள்.
(அது எனக்குப் பிற்பாடு தெரிந்தது.)
தேனீக்காரர் கோபப்படவில்லை.
மனைவி பக்கம் திரும்பி
தாடிக்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தார்.
அந்த அம்மாள் தலையாட்டினாள்.

"என்ன சொல்றான்?"
"மனைவியிடம் பேசினார்."
"அதான், என்ன?"
"மனைவியிடம்."

அறுபதுக்கே வாங்கினார்கள்.
நானூறு யூரோவில் தோற்றார்கள்.

என் வேலை சுத்தம். முணுமுணுப்பு
பளிங்குபோல் பதிவாகியிருந்தது.
இரண்டு கோடை விடுமுறையில் ஸ்லொவேனிய மொழி படித்த
ஒரு மாணவனுக்குக் கூலி கொடுத்து
எழுதி வாங்கி, தலைவர் மேசையில் வைத்தார்கள்.
அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு வாசித்தார்:
"தேனீக்கு மருந்து வாங்கணும்.
நாற்பத்தைந்துக்குக் கேட்டாலும் கொடுத்துடலாம்."

பிறகு அவளைப் பார்த்தார்.
"கேட்டதா?"
"கேட்டது."
"புரிந்ததா?"
"புரிந்தது."
"பெட்டிக்குப் பதினைந்து. ஐம்பது பெட்டி.
ஜெயித்திருப்பாய், அம்மா."

அப்போது அவள் வாய் திறந்தது.
எனக்குத் தெரியும், நாக்கு மேலண்ணத்தை விட்டுப் பிரிகிற
அந்தச் சின்னச் சத்தம் எனக்கு மட்டும் கேட்கும்.
தீர்ப்பு நகலில் அச்சுப்பிழை கண்டவள்போல்
அந்தத் தாளையே பார்த்தாள்.
மூடிக்கொண்டாள்.
"என்னிடம் சொல்லவில்லையே அவர்," என்றாள்.
அதற்கு மேல் ஒன்றுமில்லை.
விரல் நீட்டினார் தலைவர். வெளியே டாக்சி.

மூன்று மாதம் கழித்து, கடைவாய்ப்பல் வலி.
என் பல் டாக்டர் கொரீசியாக்காரர், தாய்மொழி அதேதான்.
வாய் மரத்துக் கிடக்கும்போது
போனில் அந்தத் துண்டைப் போட்டுக் காட்டினேன்.
இரண்டு முறை கேட்டார். துளைப்பானைக் கீழே வைத்தார்.
"நாற்பத்தைந்து இல்லை. ஐம்பத்து நான்கு.
எங்கள் மொழியில் நான்கு முன்னால் போகும்,
ஐம்பது பின்னால் வரும்.
அவசரக்காரன் காதுக்கு எண் தலைகீழாகிவிடும்."

பல் பிடுங்கிய கன்னத்தோடு கணக்குப் போட்டேன்.
ஆறு யூரோ, ஐம்பது பெட்டி, முந்நூறு.
கேட்டு வாங்கியிருந்தாலும் தோற்றிருப்பார்கள்.
பழி அவள் மேல் இல்லை.
ஒரு எண்ணைத் திருத்தினால் போதும், பிழைத்திருப்பாள்.
ஆனால் திருத்துவதென்றால்
அந்த மனிதர் மனைவியிடம் சொன்னதை
அவள் வாயால் சொல்லியாக வேண்டும்.

ட்ரியெஸ்தேவுக்குப் போன் போட்டேன்.
"தெரியும்," என்றாள்.
"பல் எப்படி இருக்கிறது?" என்றாள்.

இப்போதெல்லாம்
யாராவது பேச்சின் நடுவே மனைவி பக்கமோ
கணவன் பக்கமோ திரும்பினால்
என் விரல் தானாக ஒலியைக் குறைத்துவிடுகிறது.
இயக்குநர் கத்துகிறார்.
கருவி பழசு, என்கிறேன்.